குறிஞ்சிக்குப் போட்ட வேலி

வெள்ளைச் சாக்ஸ் என்றுதான் அமலாவுக்கு முதலில் தோன்றியது, மாடு என்று தோன்றவில்லை. பனி அந்த மாதிரி. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே இடுப்புக்கு மேல் எல்லாம் ஒரே வெள்ளை, தரையோரம் மட்டும் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்திருக்க, சௌசௌ பந்தலடியில் நான்கு கால்கள், முழங்கால் வரை இழுத்துவிட்ட, துவைத்துத் துவைத்துப் பழுப்பேறிய சாக்ஸ். கான்வென்ட்டில் காலைப் பிரேயருக்கு முன்னால் சிஸ்டர் பெனடிக்டா வரிசையைப் பார்த்துக்கொண்டே வருவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள், சாக்ஸ் இறங்கியிருந்தால் ஓர் அடி, அழுக்காயிருந்தால் இரண்டு, ஆறு வயசுப் பிள்ளைகளின் கணுக்காலில் அந்த அம்மாளுக்கு அப்படி என்ன அக்கறையோ. அந்தக் கால்களில் ஒன்று எடுத்து வைத்தது. ஜன்னல் கட்டையில் இருந்த காபி டம்ளர் லேசாக நடுங்கியது. பிறகுதான் பனிக்குள் மேலே மேலே ஏறிப்போகிற அந்தக் கறுப்பு, முதுகுத் திமில், பந்தல் கம்புக்கு மேலே கொம்பின் நுனி. காட்டுமாடு. அதனால் என்ன, கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவளுக்குக் காட்டுமாடு புதுசா, மே மாசம் வருகிற விருந்தாளிகளைவிட அது எவ்வளவோ நாகரிகம், போட்டோ எடுக்காது, சிப்ஸ் பாக்கெட்டை வீசாது, முன்கேட் வழியாக வரும், வீட்டு ஓரத்து நடைபாதையில் நடந்து பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கும் கல்சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் புகுந்து சரிவில் இறங்கிப் போய்விடும். பத்துப் பதினோரு வருஷமாக அப்படித்தான். வரும், போகும். இன்றைக்கும் வந்திருக்கிறது. போகவில்லை. அமலா டம்ளரை எடுத்தாள், குடிக்கவில்லை, வைத்தாள். சந்தில் வேலி இருக்கிறது. வேலியைப் போட்டது அவள்.

போன மாசம் போட்டது. போடும்போதே பொன்னையன் பார்த்துவிட்டுப் போனான், வனத்துறையில் காவலுக்கு இருக்கிறவன், காக்கிச் சட்டைக்கு மேல் பெண்டாட்டி பின்னிய ஸ்வெட்டர், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. "அம்மா, அது வர்ற வழிய அடைச்சாக்கூடப் பரவால்ல, போற வழிய அடைக்காதீங்க. உள்ள வந்துட்டு வழி இல்லேன்னா அதுக்குக் குழப்பமாயிரும். குழம்பிருச்சுன்னா யாரு எவருன்னு பாக்காது." அப்போதே வாயை மூடிக்கொண்டு சரி என்றிருக்கலாம். சரி என்கிற வார்த்தை மட்டும் அவளுக்கு ஏனோ தொண்டையிலேயே நின்றுவிடும். "தோட்டத்துப் பட்டா என் பேருல இருக்கு பொன்னையா. மாட்டுகிட்ட பட்டா இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு, பாக்கறேன்." அவன் சிரித்தான். கிராம்பை இடக்கன்னத்திலிருந்து வலக்கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். அவன் சிரித்தது அப்போது அவளுக்குத் தன் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த கைதட்டு மாதிரி இருந்தது. இப்போது ஜன்னலில் நிற்கையில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது. மாடு சந்துவரை போயிருக்க வேண்டும், வேலியை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும், திரும்பி வந்து இப்போது முன்கேட்டைப் பார்த்து முகம் வைத்து நிற்கிறது, சௌசௌவைப் பறித்து மெல்லுகிறது, ஆனால் பசிக்கு மெல்லுகிற மெல்லல் இல்லை அது, என்ன செய்வது என்று தெரியாதவர்கள் வெற்றிலை மெல்லுவது போல. நடைபாதை மூன்றடி அகலம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் ஹைட்ரேஞ்சியாப் புதரும் மேட்டு மண்ணும். முன்கேட் திறந்திருக்கிறது, அவர் ஒருநாளும் சாத்துவதில்லை. அந்தக் கேட் வழியாக இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் வருவார்.

அவர் என்றால் சவரிராஜ், முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் முத்திரை குத்தியே காதைத் தொலைத்தவர், அப்படித்தான் அவள் சொல்லுவாள், டாக்டர் வேறு ஏதோ சொன்னார். காது மிஷின் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் இருக்கிறது, செல்போன் அதற்குப் பக்கத்தில், இரண்டையும் விட்டுவிட்டு குடையை மட்டும் எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போயிருக்கிறார். காலையில் அதற்கொரு சண்டை. "மிஷின மாட்டிக்கிட்டுப் போங்க, உங்ககிட்ட கத்திக் கத்தி என் தொண்டைதான் கிழியுது." அவர் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே, உதட்டைப் படித்துவிட்டு, மெதுவாக: "அத மாட்டினா மொதல்ல உன் குரல்தான் கேக்குது அமலா." அது ஜோக்குதான். அவளுக்கும் தெரியும் ஜோக்கென்று. "அப்ப கேக்காமலே போங்க, யாருக்கு நஷ்டம்? ஏழரைக்குள்ள வந்துருங்க, போன தடவை மாதிரி எட்டே காலுக்கு வந்து நின்னீங்கன்னா உங்க பிரெட்ட நீங்களே தின்னுக்குங்க." யாருக்கு நஷ்டம். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறாள், இதைவிடக் கூர்மையாக, இதைவிட அநியாயமாக, எதுவும் திரும்பி வந்து நின்றதில்லை, இது மட்டும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. கடிகாரத்தில் ஏழு பத்து. அவர் வரும்போது ஒரு கையில் குடை, ஒரு கையில் பிரெட், வலிக்கிற முழங்காலை இழுத்துக்கொண்டு கேட்டுக்குள் நுழைவார், மூக்கால் ஒரு மாதா பாட்டை முனகிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே நடைபாதையில் திரும்புவார். திரும்பினால் மூன்றடி அகலம். அது மெல்லுகிற சத்தம் அவருக்குக் கேட்காது. அது மூச்சு விடுகிற சத்தம் கேட்காது. அவள் ஜன்னலிலிருந்து கத்தினால், அவருக்குக் கேட்காது, அதற்குக் கேட்கும்.

தட்டைத் தட்டி விரட்டலாம். விரட்டினால் எங்கே போகும்? ஒரே வழி, முன்கேட். எதிரே யாராவது வந்தால் வந்தவர்கள் பாடு. எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிடலாமென்றால் அது சீசன் வீடு, பூட்டுதான் வருஷத்துக்குப் பதினோரு மாசம் அங்கே குடியிருக்கிறது. அவள் பேக்கரிக்குப் போன் போட்டாள். ரோஸ்லின் எடுத்தாள், பின்னால் தட்டு அடுக்குகிற சத்தம். "ஐயாவா? இப்பத்தான் ஆன்ட்டி கிளம்புனாரு, அஞ்சு நிமிஷம் இருக்கும். டீ போடுறேன் இருங்க ஐயான்னேன், ஐயோ நேரமாச்சு, வீட்ல கோர்ட்டு ஏழரைக்கு ஆரம்பிச்சிரும்னு சொல்லிட்டு வேகமாப் போயிட்டாரு." சிரித்தாள் அந்தப் பெண். அமலாவும் ஏதோ சொன்னாள், என்ன சொன்னாளென்று வைத்த பிறகு ஞாபகமில்லை. அடுத்தது பொன்னையன். மூன்றாவது மணியில் எடுத்தான். குரலை அடக்கி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதோடு சொல்வதுபோலச் சொன்னாள், மாடு உள்ளே, தனி மாடு, அவர் வெளியே, வந்துகொண்டிருக்கிறார். "சத்தம் போடாதீங்கம்மா. நான் பூம்பாறைப் பக்கம் இருக்கேன், வந்து சேர முக்கா மணி நேரமாவும். ஐயா ரோட்டு வழியா வருவாரா, குறுக்கு வழியா?" "ரோட்டு வழிதான். குறுக்கு வழியில வழுக்கும்னு நான் எப்பவோ நிறுத்திட்டேன்." "சரி. அப்ப பயமில்ல, அதுவா வந்த மாதிரி அதுவாப் போயிரும். பின்னாடி வழி திறந்துதான இருக்கு?" ஆறு வயசிலிருந்து பதில் இல்லாமல் நின்றதில்லை அவள். நின்றாள். போனில் அவன் கிராம்பை மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. "அம்மா," என்றான். சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள்.

திறந்துவிட வேண்டியதுதானே. பின்கதவைத் திறந்தால் துணி துவைக்கிற கல், கல்லைத் தாண்டி ஆறு எட்டு, தொட்டி, சந்து, வேலி. நான்கு இடத்தில் கம்பிக்கட்டு. குறடு இழுப்பறையில் இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஆனால் யோசிக்கிறாள், அதுதான் அசிங்கம், இழுப்பறையில் கையை வைத்தபடி யோசிக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம், சந்தின் வாயில், அவளுடைய குறிஞ்சி. வேலியென்றால் மூங்கில் பிளாச்சில் கம்பிவலை அடித்த ஆளுயரத் தட்டி, உள்பக்கம் சாய்த்துக் கட்டியது, கட்டை அவிழ்த்தால் அது ஒரே ஒரு பக்கம்தான் விழும். அன்றைக்கே அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார், "செடி மேலயே சாயற மாதிரி கட்டறியே." "அவுத்தாத்தான சாயும், நான் எதுக்கு அவுக்கறேன்?" பதினோரு வருஷத்துக்கு முன்னால் ரிசார்ட்டுக்காக மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த சரிவிலிருந்து பிஸ்கட் டப்பாவில் எடுத்து வந்தாள், விரல் நீளம், இரண்டு ஜோடி இலை. நாளைக்கு புல்டோசர் தின்னப்போவதை இன்றைக்கு எடுத்தால் திருட்டா என்று சாமியாரிடமே கேட்டாள், அவர் பூவைப் பற்றிப் பேசிச் சமாளித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், மலையே நீலமாகும், எங்கிருந்தெல்லாமோ கார் போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார்கள், இங்கேயே கிடக்கிற அவள் பார்த்ததில்லை. ஆறு வயசில் பிள்ளைகளையெல்லாம் வரிசையாகக் கூட்டிப்போனார்கள், இவளை மட்டும் வராந்தாவில் முட்டிபோட வைத்துவிட்டு, சாக்ஸுக்காக இல்லை, சிஸ்டருடைய சாக்ஸிலும் ஓட்டை இருக்கிறதே என்று கேட்டதற்காக. பதினெட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டோடு உட்கார வைத்தார்கள், மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள், அவர்கள் வரவே இல்லை. முப்பதில் மகள் கைக்குழந்தை, இவளுக்குத் தையல் பிரிந்து காய்ச்சல். நாற்பத்திரண்டில் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மாமியாருக்குப் பெட்பேன் பிடித்தாள், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மாமியார் உயிரோடு வீடு திரும்பினாள், பூ முடிந்திருந்தது. ஆறு, பதினெட்டு, முப்பது, நாற்பத்திரண்டு. அதனால்தான் செடியைத் தன் காலடியில் கட்டிப்போட்டாள், இனிமேல் யாரும் என்னை விட்டுவிட்டுப் போகமுடியாது என்று. நெஞ்சுயரம் வந்துவிட்டது. போன வருஷம் இந்த மாடு போகிற போக்கில் உரசி ஒரு கிளையை முறித்தது, போகிற வழியே இல்லையென்றால் வராதென்று கணக்குப் போட்டுத்தான் வேலி, இந்த வருஷம் மொட்டு, கணுவுக்குக் கணு கதிர் கதிராக, நேற்று மாலை ஒரு மொட்டின் நுனியில் ஊசி முனையளவு நீலம். இன்று காலையில் டம்ளரை எடுத்தது அதைப் போய்ப் பார்க்கத்தான். இன்னும் ஒரு நாள். பன்னிரண்டு வருஷம் காத்தவளுக்கு இன்னும் ஒரு நாள். பூத்துக் காய்த்ததும் செடி செத்துப்போகும், அடுத்ததற்கு அவளுக்கு அறுபத்தாறு, அதை யார் கண்டது. ஒருவேளை மாடு தானாகவே முன்கேட்டால் போய்விடும். ஒருவேளை அவர் வழியில் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றுவிடுவார், நின்றால் என்ன, என்றைக்குத்தான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார். ஒருவேளை. கடிகாரத்தில் ஏழு பதினேழு. ஐயோ, ஐந்து நிமிஷம் எங்கே போயிற்று. ஐந்து நிமிஷமாக ஒரு தட்டில் அவரையும் ஒரு தட்டில் செடியையும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள் அடுப்படியில், தக்காளி எடை போடுகிறவள் மாதிரி. குறடு கையில் இருந்தது. எடுத்தது எப்போதென்று தெரியவில்லை. போகிற போக்கில் தட்டிலிருந்து மிஷினையும் எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பின்கதவு வழக்கமாக முனகும், இன்றைக்கு முனகவில்லை. பனி முகத்தில் ஈரத்துணி போல ஒட்டியது. செருப்பில்லாத காலுக்குக் கல் சில்லென்றிருந்தது, ஒன்று, இரண்டு, ஓடாதே, ஓடுகிறவர்களைத்தான் பிரம்பு தேடும், மூன்று. பின்னால் மெல்லுகிற சத்தம் நின்றது. நின்றதும்தான் தெரிந்தது, அந்தச் சத்தம் இருக்கிறவரைக்கும் அது ஒரு துணையாக இருந்திருக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது. தொட்டியோரம் உட்கார்ந்து முதல் கட்டைப் பிடித்தாள், துரு, குறடு வழுக்கியது, திருகினாள், விட்டது. இரண்டாவது விட்டது. அரிசிமாவு தூவினாற்போல் பனி படிந்த இலைகள் கன்னத்தில் சொரசொரவென்று உரசின, அவள் செடியைப் பார்க்கவில்லை, பார்த்தால் கை நின்றுவிடும், வேண்டுமென்றே கம்பியையே பார்த்தாள், பாரேன், யாரோ கெட்டிக்காரி எவ்வளவு முறுக்கு முறுக்கியிருக்கிறாள் பாரேன், ஒரு மாட்டைத் தடுக்க இல்லை, ஊரையே தடுக்கிற முறுக்கு. மூன்றாவதில் விரல் கிழிந்தது. வாசம் வந்தது, ஈரச் சாக்கும் புளித்த புல்லும் கலந்த வாசம், கிட்டே. மூச்சு. பேக்கரி அடுப்புக் கதவைத் திறந்தால் வருமே அந்த மாதிரி நீளமாக ஒரு சூடு, முதுகில் படவில்லை, பட்டதுபோல் இருந்தது. அருள் நிறைந்த மரியாயே, அதற்குமேல் வரவில்லை, நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்கிற ஜெபம் இரண்டாவது வரியில் அறுந்து நின்றது, நான்காவது கட்டும் அப்படியே நின்றது. திருப்பி முறுக்கியிருக்கிறாள். மற்ற மூன்றையும் வலப்பக்கம் முறுக்கிவிட்டு இதை மட்டும் இடப்பக்கம். குறட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி, இழுத்தாள்.

தட்டி சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, கோயிலில் கிழவிகள் முட்டிபோடுகிற மாதிரி, முதலில் செடி அதைத் தாங்கிப் பார்த்தது, அப்புறம் தாங்கவில்லை. எலும்பு முறிகிற சத்தம் சின்னச் சின்னதாக, நிறைய. அவள் தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். மாடு வந்தது. கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டே வயிறு போயிற்று, கறுப்பாக, ஈரமாக, முடிவே இல்லாமல், ஒரு பஸ் கடந்து போவதுபோல். அவளை அது பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை, வழி திறந்திருந்தது, போகிறது. தட்டிமேல் ஒரு காலை வைத்து, நிதானித்து, அடுத்ததை வைத்தது. வெள்ளைச் சாக்ஸ் நான்கும் மொட்டுகளின்மேல் ஒவ்வொன்றாக நடந்து சரிவில் இறங்கி, பனிக்குள் இல்லாமல் போயின. அவ்வளவுதான். அமலா உட்கார்ந்தபடியே கையை நீட்டித் தட்டியடியிலிருந்து ஒரு கதிரை இழுத்தாள். நசுங்கிய கதிரில், நசுங்கியதாலேயோ இல்லை இன்றைக்குத்தான் என்று இருந்ததாலேயோ, ஒரு மொட்டு விரிந்திருந்தது. நீலமென்றார்களே எல்லாரும். பூவுக்குத் துக்கம் வந்தால் எந்த நிறமோ அந்த நிறம். மணி போல, அவள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இதற்காகவா. பார்த்தாயிற்று. சரி, பார்த்தாயிற்று, அழுகை வருமென்று பார்த்தாள், வரவில்லை, அவர் வரட்டும், வந்ததும் திட்டுவாள், கேட்டைச் சாத்தாததற்கு, மிஷினை விட்டுப்போனதற்கு, ரோஸ்லினிடம் கோர்ட்டு என்று சொன்னதற்கு. ஏழரைக்கு ஆரம்பிச்சிரும்னு சொல்லிட்டு வேகமாப் போயிட்டாரு.

வேகமா.

ரோட்டு வழியில் வேகமாக வந்தாலும் இருபத்தைந்து நிமிஷம். ஏழு ஐந்துக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வந்து சேருவது கஷ்டம், அந்த முழங்காலோடு. ஏழரைக்குள் வரவேண்டுமென்றால் ஒரே வழிதான் இருக்கிறது, சவுக்கு மரங்களுக்கு நடுவே படி வெட்டிய குறுக்கு வழி, அவள் நிறுத்திவிட்ட வழி, அவள் போட்ட கெடுவுக்குப் பயந்தால் மட்டும் அவர் எடுக்கிற வழி. அந்தப் படி மேலேறி வந்து எங்கே சேருகிறது? அவள் எழுந்து நின்றாள். அவளுடைய சந்திலிருந்து இறங்குகிற தடம் நாற்பதடி கீழே அந்தப் படியில்தான் போய்ச் சேருகிறது. பொன்னையன் கேட்டானே. கேட்டான், இவள் சொன்னாள், ரோட்டு வழிதான் என்று, கேட்டு முடிப்பதற்குள் சொன்னாள். சரிவைப் பார்த்தாள், பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளை. "என்னங்க," என்றாள். பனி அதை வாங்கி வைத்துக்கொண்டது. தட்டிமேல் ஏறி, காலுக்கடியில் கதிர்கள் நொறுங்க, சந்தின் வாயில் போய் நின்று மறுபடி, "என்னங்க!" பைக்குள் மிஷின் கீச்சென்று ஊளையிட்டது, எதிலாவது பொத்தினால் அப்படித்தான் கத்தும், அவர் சட்டைப்பையில் அது கத்தும்போதெல்லாம் எலிக்குட்டியா வளக்கறீங்க என்று கேட்பாள். அதை எடுத்தாள். கிழிந்த விரலின் ரத்தம் அதில் பட்டது. ஏன் செய்கிறோமென்று யோசிக்காமல் தன் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, இருக்கிற உயிரெல்லாம் கூட்டி, கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத அவருடைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவர் சொன்னது சரிதான். முதலில் கேட்டது அவள் குரல்தான், தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி, தலைக்குள்ளேயே, இப்படியா இத்தனை நாளும். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் ஒவ்வொன்றாக வந்தன, இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அவளுடைய மூச்சு, ஸ்வெட்டர் கம்பளி காதோரம் உரசுவது. அதற்கெல்லாம் கீழே, சரிவில், சருகு மிதிபடுகிற சத்தம். மேலே ஏறி வருகிறது. நிதானமாக, கனமாக. முழங்கால் வலிக்கிறவர்களும் அப்படித்தான் ஏறுவார்கள். அமலா சுவரைப் பிடித்துக்கொண்டு, அந்த வெள்ளையைப் பார்த்தபடி, வருவது இரண்டு காலா நான்கு காலா என்று எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. சத்தம் நின்றது.